மூணு தரம் சொன்ன விலையும் மத்த விலைகளும்

ஏலத்தளங்கள்ல பழைய விற்பனை விலைகளை நோண்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவங்க இதைக் கவனிச்சிருப்பீங்க. ஒரே பொருள், ஒரே நாள், ஒரே ஏலம். ஆனா ஒரு தளத்துல ஒரு விலை போட்டிருக்கும், இன்னொரு தளத்துல வேற விலை இருக்கும். வித்தியாசம் பத்து இருபது ரூபாய் இல்லை. அஞ்சுல ஒரு பங்கு, சில சமயம் நாலுல ஒரு பங்குகூட இடிக்கும். எவனோ தப்பா தட்டச்சு பண்ணிட்டான்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவோம். தோண்டிப் பார்த்தா பெரும்பாலும் ரெண்டுமே சரியான விலைதான். அதுதான் கூத்து.

நான் ரொம்ப வருஷமா தபால்தலை, பழைய காசு இதையெல்லாம் வேடிக்கை பார்க்கிறவன். (வாங்குறதை விட வேடிக்கை பார்க்கிறதுதான் அதிகம். நம்ம பர்ஸ் அப்படி.) பார்த்த வரைக்கும் புரிஞ்சது என்னன்னா, "விலை"ங்கிற ஒரே சொல்லை வெச்சுக்கிட்டு இந்தத் தளங்கள் நாலஞ்சு வேற வேற எண்களைக் காட்டுது. ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு காலத்துல, ஒவ்வொரு காரணத்தால வந்து ஒட்டிக்கிட்டது. அந்தக் கதையைச் சொல்ல ஒரே ஒரு தபால்தலை போதும்.

1856. தென்னமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானா, அதாவது இன்றைய கயானா. (மதராஸ் துறைமுகத்திலிருந்து நம்ம ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா கப்பலேறின அதே ஊர்தான். அது பெரிய கதை, தனிப் பதிவா எழுதணும்.) லண்டன்ல வாட்டர்லோ கம்பெனி அச்சடிச்சு அனுப்புற தபால்தலைகள் போதுமான அளவு வந்து சேரலை. தலைமை அஞ்சல் அதிகாரி டால்டன், ஜார்ஜ்டவுன்ல அரசாங்க கெசட் அச்சடிச்சுக்கிட்டிருந்த பாம், டல்லாஸ் கூட்டாளிகள்கிட்ட அவசரத்துக்கு அடிச்சுத் தரச் சொன்னார். அவங்க கையில இருந்த ஒரு கப்பல் படத்தை நடுவுல வெச்சு, சிவப்புக் காகிதத்தில கறுப்பு மையால அடிச்சுக் கொடுத்தாங்க. கடிதத்துக்கு 4 சென்ட், செய்தித்தாளுக்கு 1 சென்ட். போலி அடிச்சுடுவாங்கன்னு பயம் வேற. அதனால தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒவ்வொண்ணுலயும் இனிஷியல் போட்டுத்தான் விற்கணும்னு உத்தரவு.

அந்த 1 சென்ட் தலையில இன்னைக்கு உலகத்துக்கே ஒண்ணுதான் தெரிய வந்திருக்கு. மூலைகளை வெட்டி எட்டுக்கோணமா, முத்திரை விழுந்து அழுக்கா, பார்த்தா குப்பையில போடத் தோணும். 1873ல வெர்னான் வான்னு 12 வயசுப் பையன் வீட்டுப் பழைய காகிதங்களுக்கு நடுவுல கண்டுபிடிச்சு, உள்ளூர்க்காரர் மெக்கின்னனுக்கு 6 ஷில்லிங்குக்கு வித்தான். இந்த ஒரு விலையில மட்டும் குழப்பமே இல்லை. கை மாறிச்சு, காசு வந்துச்சு, முடிஞ்சது.

அடுத்த படியிலேயே சிக்கல் ஆரம்பம். 1878ல மெக்கின்னன் தன் சேகரிப்பு மொத்தத்தையும் லிவர்பூல் வியாபாரி ரிட்பாத்துக்கு 120 பவுண்டுக்குக் கொடுத்தார். ரிட்பாத் இந்த ஒரு தலையை மட்டும் பாரிஸ்ல இருந்த ஃபெராரிங்கிற பெரும் சேகரிப்பாளருக்கு 150 பவுண்டுக்குத் தள்ளிட்டார். ஒண்ணு மொத்த ஆல்பத்தோட விலை, இன்னொண்ணு ஒத்தைத் தலையோட விலை. ரெண்டையும் அடுத்தடுத்த வரியில போட்டு "விலை 120லிருந்து 150 ஆச்சு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? ஆனா அப்படித்தான் நிறைய விலைப்பட்டியல்கள் ஓடுது. இன்னைக்கும் இணையத்துல "லாட்" போட்டு விற்கிறதுல இதே கதைதான். பத்துப் பொருளைச் சேர்த்து வித்திருப்பாங்க, படத்துல தெரியற ஒரு பொருளோட பேர்ல மொத்த விலையும் பதிவாகியிருக்கும்.

ஃபெராரி தன் சேகரிப்பை பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதி வெச்சுட்டு 1917ல காலமானார். முதல் உலகப்போர் நேரம். பிரான்ஸ் அரசாங்கம் அதை எதிரிச் சொத்தாப் பிடிச்சு வெச்சு, போர் முடிஞ்சதும் இழப்பீட்டுக் கணக்குல ஏலம் விட்டது. 1922 ஏப்ரல்ல நம்ம கப்பல் தலை மேடைக்கு வந்துச்சு. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹைண்ட் ஏலத்துல எடுத்தார். ஏலம் நின்ன தொகை 3,00,000 பிராங்க். ஆனா அவர் கட்டினது 3,52,500 பிராங்க். நடுவுல இருக்கிறது பிரெஞ்சு அரசாங்கத்தோட பதினேழரை சதவீத வரி.

அட, முதல் முறையா ரெண்டு விலை! ஏலக்காரர் சுத்தியலைத் தட்டினப்ப இருந்தது ஒண்ணு, ஹைண்டோட பையிலேருந்து போனது இன்னொண்ணு. நம்மூர்ல "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்"னு முடிப்பாங்களே, அதனால முதலாவதை நான் "மூணு தரம் விலை"ன்னு கூப்பிடப் போறேன். சுத்தியல் விலைன்னு சொல்றதை விட இது நமக்கு ஒட்டுது. இன்னொரு குழப்பமும் உண்டு. இதை டாலர்ல சொல்லும்போது ஒரு இடத்துல 32,500ன்னு இருக்கும், இன்னொரு இடத்துல 36,000க்கு மேலன்னு இருக்கும். பிராங்க் அந்த வருஷங்கள்ல ஆடின ஆட்டத்துல எந்த நாள் மாற்று விகிதம் போடுறோங்கிறதைப் பொறுத்து எண் மாறும். வரியைச் சேர்த்தோமா இல்லையான்னு பார்த்தா மறுபடி மாறும்.

ஹைண்ட் 1933ல இறந்தார். 1940ல அவர் மனைவி அதை வித்தப்ப, நியூயார்க்ல மேசிஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல இருந்த தபால்தலைப் பிரிவு மூலமா வித்தாங்க. சட்டை துணிமணி விக்கிற கடையில உலகத்தின் அரிய தபால்தலை! வாங்கினவர் ஃப்ரெடரிக் ஸ்மால். தன் பேர் வெளியில வரக்கூடாதுன்னு கண்டிஷன். ஏலம் இல்லாத தனிப் பேரம் என்பதால விலை 40,000ன்னும் 45,000ன்னும் இடத்துக்கு இடம் மாறி நிக்குது. மாட்டுச்சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுப் பேசுற விலை மாதிரி. பிடிச்ச ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

1970 மார்ச்ல நியூயார்க் சீகல் நிறுவனத்தோட ஏலம். இர்வின் வைன்பெர்க் தலைமையில சில முதலீட்டாளர்கள் சேர்ந்து 2,80,000 டாலருக்கு எடுத்தாங்க. பத்து வருஷம் கழிச்சு 1980ல அதே சீகல். வாங்கினவர் ஜான் டு பாண்ட். விலை 9,35,000 டாலர். எல்லாப் பட்டியல்லயும் இந்த ரெண்டு எண்ணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அழகா உட்கார்ந்திருக்கும். பத்து வருஷத்துல மூணே கால் மடங்குக்கு மேல!

கொஞ்சம் இருங்க. 1980ல மூணு தரம் விலை 8,50,000 தான். மேல இருக்கிற 85,000 என்பது பத்து சதவீதம் "பையர்ஸ் பிரீமியம்". வாங்குறவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாக் கட்டுற தொகை. 1970 விலையில அப்படி எதுவும் கிடையாது. ஒத்தது ஒத்ததோட சேர்த்துப் பார்த்தா மூணு மடங்குதான். மிச்சம் கால் மடங்குக்கு மேல கட்டணம் தந்த வளர்ச்சி.

இந்த பிரீமியம் எங்கேருந்து வந்துச்சு? 1975ல லண்டன்ல கிறிஸ்டீஸும் சோத்பீஸும் அடுத்தடுத்து அறிமுகப்படுத்தின சமாச்சாரம் அது. அதுவரைக்கும் அவங்க விற்கிறவர்கிட்ட மட்டும்தான் கமிஷன் வாங்கினாங்க. இனிமே வாங்குறவர்கிட்டயும் பத்து சதவீதம்னு சொன்னதும் லண்டன் வியாபாரிகள் கொதிச்செழுந்தாங்க. ஒரே விற்பனையில ரெண்டு பக்கமும் காசு வாங்கறது என்ன நியாயம்னு சண்டை. சண்டை அடங்கிச்சு, பிரீமியம் நின்னுடுச்சு. நம்ம ஊர் நிலத் தரகர் ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறதைப் பார்த்துப் பழகின நமக்கு இது அதிர்ச்சியா இருக்காது :-) ஆனா விலைப் பட்டியல்களைப் பொறுத்தவரை அந்த 1975 ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எந்த ஏல விலையைப் பார்த்தாலும் "இது சேர்த்தா, சேர்க்காமலா?"ன்னு கேட்காம நகரக்கூடாது.

பத்து சதவீதம் பத்தாவே இருந்திருந்தா மனக்கணக்காப் போட்டுடலாம். இருக்கலையே. ஏறிச்சு, அப்புறம் வருமான வரி மாதிரி படிப்படியா ஆச்சு. அதுக்கு நடுவுல ஒரு பெரிய அசிங்கமும் நடந்துச்சு. விற்பவர்கிட்ட வாங்குற கமிஷனை ரெண்டு நிறுவனமும் 90கள்ல ரகசியமாப் பேசி வெச்சு நிர்ணயிச்சது 2000ல வெளியில வந்தது. வாடிக்கையாளர்களுக்கு ரெண்டும் சேர்ந்து 51 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிச்சாங்க. சோத்பீஸ் தலைவரா இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் 2001 டிசம்பர்ல குற்றவாளின்னு தீர்ப்பாகி சிறைக்குப் போனார்.

நம்ம தபால்தலைக்கு வருவோம். டு பாண்ட் (ஒரு மல்யுத்த வீரரைக் கொன்ன வழக்குல தண்டனை பெற்றவர்) 2010ல சிறையிலேயே இறந்தார். 2014 ஜூன் 17, சோத்பீஸ், நியூயார்க். மூணு தரம் விலை 79 லட்சம் டாலர். அதுக்கு மேல இருபது சதவீதம் பிரீமியம், ஆக 94 லட்சத்து 80 ஆயிரம். வாங்கினவர் செருப்பு வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன். அவரே 2021 ஜூன் 8ல திரும்ப ஏலத்துக்கு விட்டார். இந்தத் தடவை நின்னது 70 லட்சத்துல. அறிவிச்ச விலை 83,07,000 டாலர்.

அந்த 13,07,000 எப்படி வந்துச்சுன்னு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றைய விகிதப்படி முதல் 4 லட்சத்துக்கு 25 சதவீதம்: 1,00,000. அடுத்த 36 லட்சத்துக்கு 20 சதவீதம்: 7,20,000. மிச்ச 30 லட்சத்துக்கு 13.9 சதவீதம்: 4,17,000. இது போக மொத்தத் தொகை மேல "நிர்வாகச் செலவு"ன்னு ஒரு சதவீதம்: 70,000. கூட்டிப் பாருங்க, டாண்ணு நிக்கும்.

இப்ப விளையாட்டு. விலை இறங்கிடுச்சா, ஏறிடுச்சா? மூணு தரம் விலையை மூணு தரம் விலையோட பார்த்தா 79லேருந்து 70, சுமார் 11 சதவீதம் வீழ்ச்சி. முழு விலையை முழு விலையோட பார்த்தா 94.8லேருந்து 83.07, சுமார் 12 சதவீதம் வீழ்ச்சி. ரெண்டு தளத்துலேருந்து ரெண்டு எண்ணை எடுத்துக் குழப்பினீங்கன்னா 79லேருந்து 83.07ன்னு 5 சதவீதம் ஏறியிருக்கும்! இல்லைன்னா 94.8லேருந்து 70ன்னு கால் பங்குக்கு மேல விழுந்திருக்கும். நாலுமே "உண்மையான" எண்களை வெச்சுப் போட்ட கணக்கு.

இன்னொண்ணு. ஏலத்துக்கு முன்னாடி "இவ்வளவு போகும்"னு ஒரு மதிப்பீடு போடுவாங்க. 2021ல போட்டது 100 முதல் 150 லட்சம் டாலர். இந்த மதிப்பீட்டுல பிரீமியம் சேராது. ஆனா முடிவு அறிவிக்கும்போது பிரீமியம் சேர்த்து அறிவிப்பாங்க. அதனால மதிப்பீட்டுக்குக் கீழ போன பல பொருள்கள், செய்தியில மதிப்பீட்டைத் தொட்ட மாதிரி தெரியும். விதியை எங்கேயும் மீறலை. எழுத்தும் கேட்டலாக்ல பொடியா இருக்கும். ஆனாலும் எனக்கு இது சுத்தமாப் பிடிக்கலை.

விற்றவர் கைக்கு எவ்வளவு போச்சுங்கிறது இந்த எந்த எண்ணுலயும் இல்லை. சாதாரண ஆளா இருந்தா மூணு தரம் விலையிலிருந்து விற்பவர் கமிஷனைக் கழிச்சுக் கொடுப்பாங்க. பெரிய பொருள் கொண்டு வர்றவருக்கு கமிஷனை விட்டுக்கொடுப்பாங்க, சில சமயம் பிரீமியத்துலேருந்தே ஒரு பங்கு தருவாங்க. அதெல்லாம் தனி ஒப்பந்தம், எந்தத் தளத்துலயும் வராது.

இதுல என்ன வந்துச்சு, கோடீஸ்வரங்க பிரச்சினைதானேன்னு நினைப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருத்தர் தபால்தலை சேர்த்தார், நாலு ஆல்பம். அவர் காலமானதும் ஊர்ல இருந்த இளைய மகன், அம்மா சொன்னாங்கன்னு, அதை ஒரு இணைய ஏலத்துல கொடுத்தார். நாலு ஆல்பமும் சேர்ந்து மூணு தரம் விலை 26,000 ரூபாய். நிறுவனம் 15 சதவீதம் பிடிச்சுக்கிட்டு 22,100 ரூபாயை அம்மா கணக்குல போட்டது. ரெண்டு மாசம் கழிச்சு வெளிநாட்டுல இருக்கிற மூத்தவர் அந்தத் தளத்துல முடிவைப் பார்த்திருக்கார். அங்க 20 சதவீத பிரீமியம் சேர்த்து 31,200ன்னு போட்டிருக்கு. "மீதி 9,100 எங்கடா?"ன்னு போன்.

அந்தத் தம்பி என்கிட்ட வந்து உட்கார்ந்தப்ப முகமே சரியில்லை. "காசு போனாப் போகுது சார். எங்கண்ணன் என்னைத் திருடன்னு நினைக்கிறார் சார்"ன்னார். நாங்க ரெண்டு பேரும் ஒரு தாள்ல மூணு வரி எழுதினோம். வாங்கினவர் கட்டினது 31,200, மூணு தரம் விலை 26,000, அம்மாவுக்கு வந்தது 22,100. வித்தியாசம் ரெண்டு, 5,200 மேல, 3,900 கீழ, ரெண்டும் நிறுவனத்துக்கு. நிறுவனத்தோட விதிமுறைப் பக்கத்தையும் அச்செடுத்துச் சேர்த்து அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் "சரி"ன்னு ஒரு வார்த்தை பதில் போட்டாராம். மன்னிப்பு கேட்டாரான்னு நான் கேட்கலை. அந்தப் பக்கத்துல 31,200க்குப் பக்கத்துல "கட்டணம் உட்பட"ன்னு ரெண்டே வார்த்தை இருந்திருந்தா அந்த போனே வந்திருக்காது.

மேல சொன்னதெல்லாம் நேர்மையா இருக்கும்போதே வர்ற வித்தியாசம். நேர்மை இல்லாமலும் விலை பதிவாகும். 1981 மே மாசம் நியூயார்க் கிறிஸ்டீஸ்ல எட்டு இம்ப்ரஷனிஸ்ட் வகை ஓவியங்கள் ஏலத்துக்கு வந்துச்சு. முடிஞ்சதும் அங்க தலைவரா இருந்த டேவிட் பாதர்ஸ்ட் மூணு வித்துப் போச்சுன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னார். உண்மையில வித்தது ஒண்ணே ஒண்ணு. வான்கோ ஓவியமும் கோகன் ஓவியமும் விலையோட சேர்த்து "வித்த" கணக்குல போயிடுச்சு. ஓவியங்களோட சொந்தக்காரங்க வழக்குப் போட்டதுல 1985ல உண்மை வெளியே வந்து, அவர் பதவி விலகினார். சந்தை கலங்கிடக் கூடாதுன்னு அப்படிச் சொன்னேன்னார். இல்லாத விற்பனைக்கு ஒரு விலை, நாலு வருஷம் உயிரோட உலாவியிருக்கு.

வான்கோவோட "ஐரிஸ்" கதை இன்னும் நல்லாருக்கும். 1987 நவம்பர், சோத்பீஸ், 4 கோடியே 90 லட்சம் டாலர் மூணு தரம் விலை, பிரீமியத்தோட 5 கோடியே 39 லட்சம். உலக சாதனை. வாங்கினவர் ஆஸ்திரேலியத் தொழிலதிபர் ஆலன் பாண்ட். அந்தப் பணத்துல பாதியை சோத்பீஸே கடனாக் கொடுத்திருந்தது பின்னாடிதான் தெரிஞ்சது. அவரால கட்ட முடியலை. ஓவியம் 1990ல கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போச்சு. என்ன விலைக்குன்னு ரெண்டு பக்கமும் சொல்லலை. ஆனா இன்னைக்கும் இணையத்துல "அதிக விலைக்கு விற்ற ஓவியங்கள்" பட்டியலைத் திறந்தா 5 கோடியே 39 லட்சம் கம்பீரமா நிக்கும்.

இனி ஈபே. 1995 செப்டம்பர்ல கலிஃபோர்னியாவில் பியர் ஒமிட்யார் "ஆக்‌ஷன்வெப்"னு ஆரம்பிச்சது. முதல் விற்பனை, உடைஞ்சு போன ஒரு லேசர் சுட்டுக்கருவி, 14.83 டாலர். இங்க பிரீமியம் கிடையாது, அதனால குழப்பம் இருக்காதுன்னு தோணும். ஆனா இது வேற மாதிரி குழப்பம்.

ஈபேயில நீங்க உங்க உச்ச வரம்பைச் சொல்லிட்டுப் போயிடலாம். நீங்க 100 டாலர்னு வெச்சு, அடுத்தவர் 40 வரைக்கும்தான் வந்தார்னா, பொருள் உங்களுக்கு 41க்குக் கிடைக்கும். பதிவாகிற விலை 41. அதாவது அங்க தெரியறது தோத்தவரோட மதிப்பு, ஜெயிச்சவரோடது இல்லை. இந்த முறையைக் கொள்கையா எழுதினவர் வில்லியம் விக்ரி, 1961ல. அதுக்காக 1996ல நோபல் அறிவிச்சாங்க, மூணே நாள்ல இறந்துட்டார், பாவம். ஆனா தபால்தலைக்காரங்க அவருக்கும் முன்னோடி! அமெரிக்காவில் தபால்ல கேட்பு அனுப்புறவங்களுக்கு, "அடுத்த பெரிய கேட்பை விடக் கொஞ்சம் கூட வெச்சுத்தான் வசூலிப்போம்"னு 1893லயே தபால்தலை ஏலம் நடந்திருக்கிறதை டேவிட் லக்கிங்-ரெய்லிங்கிற பொருளாதாரப் பேராசிரியர் தேடி எடுத்து எழுதியிருக்கார்.

அடுத்தது தபால் செலவு. 2000கள்ல ஈபே பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பொருள் 1 சென்ட், அனுப்புற செலவு 15 டாலர்! ஈபே விலை மேலதான் கமிஷன் வாங்கும், தபால் செலவு மேல வாங்காது. அப்புறம் என்ன, விலையைத் தூக்கி தபால் செலவுல ஒளிச்சு வெச்சுட்டாங்க. தன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன்னு ரெண்டு பேர் இசைத்தட்டுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஈபேயில வித்துச் சோதிச்சு 2006ல எழுதினாங்க. ஆரம்ப விலையும் தபால் செலவும் கூட்டினா 4 டாலர்னு வரும்போது, ஆரம்ப விலையைக் குறைச்சு தபால் செலவைக் கூட்டி வெச்சா மொத்தமா அதிகப் பணம் வந்திருக்கு. ஜனங்க மேல இருக்கிற பெரிய எண்ணைத்தான் பார்க்கிறாங்க. 2011ல ஈபே அமெரிக்காவில் தபால் செலவுக்கும் கமிஷன் போட்ட பிறகு இந்த வித்தை மவுசு இழந்தது. ஆனா அதுக்கு முந்தைய விலைகளை யாராவது ஒப்பிட எடுத்தா, பாதி எண்கள் பொம்மை.

இப்ப ரொம்பப் பேரை ஏமாத்துறது "பெஸ்ட் ஆஃபர்". விற்பவர் 200 டாலர்னு போடுவார். ஒருத்தர் 90க்குக் கேட்பார், சரின்னுடுவார். விற்ற பட்டியல்ல 200ஐ ஒரு கோடு போட்டு அடிச்சுக் காட்டுவாங்க, 90ஐக் காட்ட மாட்டாங்க. மறுபடி துண்டுக்கடி விலை! விற்பனையாளர்களுக்கான டெராபீக் கருவியில உண்மையான தொகை தெரியும். சும்மா தேடுறவங்க கண்ணுக்குக் கோடு தெரியாம 200தான் தெரியும். அதைப் பார்த்து அடுத்தவர் 220 போடுவார். ஏலம் முடிஞ்சும் வாங்கினவர் பணம் கட்டாம ஓடிட்ட விலைகளும் இதுல கலந்து கிடக்கும்.

போலிக் கேட்பு தனி ரகம். 2000 மே மாசம் ஈபேயில ஒரு ஓவியம் 25 சென்ட்ல ஆரம்பிச்சு 1,35,805 டாலர் போச்சு. ரிச்சர்ட் டீபன்கோர்ன் வரைஞ்சதோன்னு எல்லாருக்கும் சபலம். வித்தவர் கென்னத் வால்டன், வக்கீல். தானே வேற பேர்ல விலை ஏத்திக்கிட்டது தெரிஞ்சு ஈபே விற்பனையை ரத்து பண்ணுச்சு. கூட்டாளிகளோட சேர்ந்து பல ஏலங்கள்ல இதைச் செஞ்சதை நீதிமன்றத்துல ஒத்துக்கிட்டார்.

ஆக, ஒரு விற்ற விலையைப் பார்த்தா நான் பார்க்கிறது இதுதான்: கட்டணம் சேர்த்ததா இல்லையா, தபால் செலவு எவ்வளவு, எண் மேல கோடு இருக்கா, லாட்டா தனியா, அதே பொருள் அடுத்த மாசம் திரும்ப வந்திருக்கா. கடைசிதான் முக்கியம். திரும்ப வந்திருந்தா முதல் தடவை காசு கை மாறலைன்னு வெச்சுக்கலாம். ஏல நிறுவனத்தோட சொந்தத் தளம்னா பெரும்பாலும் பிரீமியம் சேர்த்த விலை. பல நிறுவனங்களோட ஏலங்களைத் திரட்டிக் காட்டுற தளம்னா பெரும்பாலும் மூணு தரம் விலை. இதுக்கும் விதிவிலக்கு உண்டு, அந்தந்தத் தளத்துல அடியில எழுதியிருக்கிறதைப் படிக்கணும்.

நம்ம கயானா தலை என்னாச்சுன்னு சொல்லலையே. 2021ல அதை எடுத்தது லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம். எடுத்த கையோட அதை 80,000 பங்காப் பிரிச்சு, பங்கு 100 பவுண்டுன்னு விக்க ஆரம்பிச்சாங்க. பெருக்கினா 80 லட்சம் பவுண்டு. அவங்க ஏலத்துல கட்டின 83 லட்சம் டாலர் அன்றைய கணக்குக்குச் சுமார் 60 லட்சம் பவுண்டுதான். ஒரே வருஷத்துல அதே காகிதத் துண்டுக்கு இன்னொரு விலை.

கொசுறா ஒண்ணு. 1933ம் வருஷத்து அமெரிக்க 20 டாலர் தங்கக் காசு 2002 ஜூலைல நியூயார்க்ல ஏலம் போச்சு. மூணு தரம் விலை 66 லட்சம் டாலர், 15 சதவீத பிரீமியம், ஆக 75,90,000. ஆனா சில பட்டியல்கள்ல 75,90,020ன்னு இருக்கும். தட்டச்சுப் பிழை இல்லை. அந்தக் காசை அரசாங்கம் முறைப்படி வெளியிடவே இல்லை, அச்சடிச்சதோட உருக்கச் சொல்லிட்டாங்க. அதனால அதை அன்னைக்குத்தான் செல்லுபடியாகும் பணமா ஆக்கணும்னு, காசு மேல போட்டிருக்கிற 20 டாலரையும் வாங்குறவர்கிட்ட தனியா வசூல் பண்ணிட்டாங்க.